சென்னை, பெங்களூரு மேடைகளுக்கு மெயில் போடுகிறோம், பதிலே இல்லை. எங்கே தப்பு?

காட்பாடி கேப்போ:

வணக்கம். நாங்க நாலு பேர். கிட்டார், பேஸ், பம்பை, முகவீணை (நாதஸ்வரம் மாதிரி சின்ன ஊதுகருவி). கிட்டாரும் பேஸும் பாடுவாங்க. அம்மன் கோயில் பம்பை அடியும் கூத்து மெட்டும் எடுத்து, வரிகள் சொந்தமா எழுதிப் பாடறோம். சினிமாப் பாட்டு கிடையாது. மூணு பாட்டு ஸ்டுடியோவில் ரெக்கார்ட் பண்ணியாச்சு. ஒண்ணு ரிலீஸ் ஆகி யூடியூப், ஸ்பாட்டிஃபையில் இருக்கு. மத்த ரெண்டும் கையில இருக்கு.

சென்னை, பெங்களூரில் லைவ் வைக்கிற கஃபேக்கள், சின்ன அரங்குகள், காலேஜ் விழாக்கள், பாட்டு வெளியிடுற சில லேபிள்கள்னு எல்லாருக்கும் ஒரே மெயில்தான் போட்டோம். அது இதுதான்:

"பொருள்: இசைக்குழு வாய்ப்பு வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நாங்கள் வேலூரைச் சேர்ந்த வளர்ந்து வரும் சுயாதீன இசைக்குழு. சிறு வயது முதலே இசையின் மீது தீராத ஆர்வம் கொண்ட நண்பர்கள் ஒன்றிணைந்து, மண்ணின் இசையை உலகறியச் செய்யும் நோக்கில் பயணித்து வருகிறோம். தங்கள் மேலான மேடையில் ஒரு வாய்ப்பு அளித்தால் என்றென்றும் நன்றியுடன் இருப்போம். எங்கள் பாடல்கள், புகைப்படங்கள், குழுவின் அறிமுகக் கையேடு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

இணைப்பில் மூணு பாட்டோட வேவ் ஃபைல், போட்டோக்கள், ஒரு பிடிஎஃப். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபேடர் கீழே:

மெயில் எழுத்தை அப்புறம் பார்க்கலாம் ப்ரோ. முதல்ல அந்த இணைப்பு எதிராளிக்குத் திறந்துச்சான்னு பாருங்க. எனக்கு அங்கதான் சந்தேகம்.

24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் ஒரு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 16 எம்பி. நாலு நிமிஷப் பாட்டு ஒண்ணே 60 எம்பியைத் தாண்டும். ஜிமெயில் இணைப்புக்கு வரம்பு 25 எம்பி. அதைத் தாண்டினா அதுவே டிரைவ்ல ஏத்தி லிங்க்கா மாத்திடும். அனுப்பும்போது "இவருக்குப் பார்க்க அனுமதி இல்லை, அனுமதி தரவா?"ன்னு ஒரு பெட்டி வரும். அவசரத்துல அப்படியே அனுப்பிட்டா, அந்தப் பக்கம் திறக்கிறவருக்கு "அனுமதி கேளுங்கள்"ங்கற பக்கம்தான் வரும். முன்பின் தெரியாத பேண்டுகிட்ட அனுமதி கேட்டு யாரும் காத்திருக்க மாட்டாங்க, அடுத்த மெயிலுக்குப் போயிடுவாங்க.

இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, எந்த அக்கவுண்ட்லயும் லாகின் ஆகாம உங்க லிங்க்கை ஒட்டிப் பாருங்க. போன்லயும் மொபைல் டேட்டாவுல ஒரு தடவை பாருங்க. பாட்டு தானா ஓடணும். டவுன்லோடு பண்ணித்தான் கேட்கணும்னு இருந்தா அந்த லிங்க் உதவாது.

வெளிவராத ரெண்டு பாட்டுக்கு சவுண்ட்கிளவுட் பிரைவேட் லிங்க், இல்லைன்னா யூடியூப்ல அன்லிஸ்டட். அன்லிஸ்டட் வேற, பிரைவேட் வேற. அன்லிஸ்டட்னா லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம். யூடியூப்ல பிரைவேட் போட்டா நீங்க பேர் சொல்லி அழைச்ச அக்கவுண்ட் மட்டும்தான் பார்க்கலாம். சவுண்ட்கிளவுட்ல பிரைவேட்னா லிங்க் கையில இருக்கிறவங்க கேட்கலாம். இந்தப் பேர்க் குழப்பத்துல நிறைய பேர் சிக்கறாங்க.

யாராவது ஃபைலே வேணும்னு கேட்டா 320 கேபிபிஎஸ் எம்பி3 அனுப்புங்க. நாலு நிமிஷத்துக்கு 10 எம்பிக்குள்ள வரும். ஃபைல் பேர் "ஃபைனல் மிக்ஸ் நியூ 3"ன்னு இருக்கக் கூடாது. குழு பேர், பாட்டு பேர். எம்பி3 டேக்லயும் அதையே போட்டு, கமெண்ட் இடத்துல போன் நம்பரும் சேருங்க. டவுன்லோடு ஃபோல்டர்ல அநாதையா கிடக்கிற ஃபைல் யாரோடதுன்னு பின்னால கண்டுபிடிக்க வேற வழி இல்லை.

இன்னொண்ணு, அந்த பிடிஎஃப் பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சதா? அப்படின்னா அதுல இருந்து காப்பி பண்ணி மெயில்ல ஒட்டினது எல்லாம் அந்தப் பக்கம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையா தெரியும். யூனிகோடுலயே அடிங்க.

சத்துவாச்சாரி சத்தம்:

ஃபேடர் சொன்னதைச் சரி செய்தபின் எழுத்துக்கு வருவோம். உங்கள் மெயிலில் பணிவு நிறைய இருக்கிறது, தகவல் ஒன்றும் இல்லை. முழுதாகப் படித்தாலும் நீங்கள் எத்தனை பேர், என்ன வாசிக்கிறீர்கள், எந்தத் தேதி, எவ்வளவு நேரம், என்ன செலவு ஆகும் என்பது தெரியவில்லை. கிட்டார், பேஸ், பம்பை, முகவீணை என்று எங்களிடம் நாலு வார்த்தையில் சொன்னீர்களே, அது மெயிலிலேயே இல்லை! உங்களிடம் இருக்கும் ஒரே சரக்கு அதுதான். "மண்ணின் இசை" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முகவீணை என்று யார் எழுதுகிறார்கள்?

நிகழ்ச்சி பிடிப்பவர் கையில் ஒரு காலண்டர் இருக்கிறது, அதில் சில சனிக்கிழமைகள் காலியாக இருக்கின்றன. இவர்களைப் போட்டால் ஆள் வருமா, சவுண்டுக்குத் தனியாகச் செலவு வைப்பார்களா, கடைசி நேரத்தில் ரூம் கேட்பார்களா என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு மெயிலிலேயே பதில் இருந்தால் அவர் "சரி" என்றோ "இப்போது வேண்டாம்" என்றோ ஒரு வரியில் சொல்லிவிட முடியும். "ஒரு வாய்ப்பு" என்று பொதுவாகக் கேட்டால் என்ன பதில் எழுதுவது என்றே அவருக்குத் தெரியாது.

வேலூரில் இருப்பதைக் குறையாக நினைத்து ஒதுக்காதீர்கள். சென்னைக்கு 140 கிலோமீட்டர்தான், பெங்களூருக்குச் சுமார் 210. ஒரே நெடுஞ்சாலை. இரவு வாசித்துவிட்டு விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். வெளியூர் குழு என்றால் நடத்துபவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரூம் வாடகைதான். அது தேவையில்லை என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

மாற்றி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"பொருள்: நவம்பர் சனி இரவு? பம்பை + கிட்டார், 4 பேர், வேலூர்

வணக்கம் (அவர் பெயர்),

உங்கள் அரங்கின் தமிழ் இண்டி இரவில் வாசிக்க விரும்புகிறோம். நவம்பரில் 2ஆம், 4ஆம் சனி எங்களுக்கு வசதி.

நாங்கள் வேலூர்க்காரர்கள், நாலு பேர். அம்மன் கோயில் பம்பை, கூத்து முகவீணை, கிட்டார், பேஸ். வரிகள் எல்லாம் சொந்தத் தமிழ் வரிகள். 60 நிமிடம் வாசிப்போம்.

மேடையில் எடுத்தது, ஒரே டேக், 2 நிமிடம்: (லிங்க்)

மிக்ஸரில் 6 சேனல் இருந்தால் போதும். காரில் வந்து அன்றிரவே திரும்பிவிடுவோம், ரூம் வேண்டாம். பயணம் சேர்த்து 25,000 ரூபாய். டிக்கெட் வசூலில் பங்கு என்றாலும் பேசலாம்.

இந்த இரண்டு சனியில் எது காலி என்று மட்டும் சொல்லுங்கள்.

(உங்கள் பெயர், வாட்ஸ்அப் எண்)"

தொகையும் தேதியும் உதாரணத்துக்குத்தான், உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பொருள் வரியில் தேதியை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. போனில் பொருள் வரியின் தொடக்கம்தான் தெரியும், தமிழ் எழுத்து அகலம் என்பதால் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். "இசைக்குழு வாய்ப்பு வேண்டி" என்பது யாருடைய மெயிலாகவும் இருக்கலாம். அனுப்புநர் பெயரையும் பாருங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் பெயரைக் குழுவின் பெயராக மாற்றுங்கள். கல்லூரிக் காலத்தில் வைத்த விளையாட்டுப் பெயரில் மெயில் போனால் ஸ்பாம் என்றுதான் நினைப்பார்கள்.

வீடியோ விஷயத்தில் கறாராக இருங்கள். மேடைக்கு எழுதும்போது ஸ்டுடியோ பாட்டுக்குப் பாதி மதிப்புதான், ஏனென்றால் ஸ்டுடியோவில் யார் வேண்டுமானாலும் சுருதி சேரலாம். நாலு பேரும் ஒரே சட்டகத்தில், வெட்டு இல்லாமல், 2 நிமிடம். போனைப் படுக்கவைத்து எடுங்கள். பம்பைக்குப் பக்கத்தில் போனை வைத்தால் ஒலி வெடித்துக் கிழியும், நாலைந்து மீட்டர் தள்ளி வையுங்கள். ஒலியை மிக்ஸரிலிருந்து தனியாகப் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு தட்டி, அதை வைத்து வீடியோவோடு பொருத்திக்கொள்ளலாம். இரண்டும் கிடைத்தால் அறையின் ஒலியையும் கொஞ்சம் கலந்துவிடுங்கள், மிக்ஸர் ஒலி மட்டும் என்றால் வறண்டு கேட்கும். ஏற்கெனவே நீளமான வீடியோ இருந்தால் யூடியூபில் ஷேர் அழுத்தும்போது எந்த நொடியிலிருந்து தொடங்குவது என்று ஒரு டிக் பெட்டி வரும். முகவீணை உள்ளே வரும் இடத்திலிருந்து தொடங்கச் செய்யுங்கள்.

கூத்தாடி வீதி:

தம்பி, எல்லாருக்கும் ஒரே மெயில் போட்டது பெரிய தவறு. ஒவ்வொரு இடத்துக்கும் கேட்கிற கேள்வி வேறு.

காலேஜ் விழாவுக்கு ஒருங்கிணைப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறும் மாணவர்கள். போன வருடத்து ஆளின் சொந்த மெயிலுக்கு எழுதினால் அவர் இந்நேரம் வேலைக்குப் போயிருப்பார். விழாவின் பொது முகவரிக்கு எழுதுங்கள். பக்கத்திலேயே இருக்கும் விஐடியின் ரிவியேரா விழா பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அப்படியானால் அக்டோபர், நவம்பரில் மெயில் போயிருக்க வேண்டும். பெரிய இரவு நிகழ்ச்சிகளைக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏஜென்சி வழியாகப் பிடிக்கும், நீங்கள் சின்ன மேடைகளைக் கேளுங்கள்.

உங்கள் இசைக்குப் பொருத்தமான மேடை என்றால் நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் நடத்தும் மார்கழியில் மக்களிசை. பம்பையை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காத கூட்டம் அது. டிசம்பர் நிகழ்ச்சிக்கு டிசம்பரில் எழுதிப் பயனில்லை, மழைக்காலத்துக்கு முன்பே எழுதுங்கள். பொங்கல் சமயத்து நம்ம ஊரு திருவிழா போன்ற அரசு மேடைகளுக்கு மெயிலே வேண்டாம். கலை பண்பாட்டுத் துறை அறிவிப்பு வரும்போது விண்ணப்பிப்பதுதான் முறை. பம்பை, முகவீணை வாசிப்பவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருந்தால் நல்லது.

லேபிளுக்கு எழுதும்போது தேதியும் தொகையும் வேண்டாம். அங்கே கேள்வி உரிமை பற்றியது. "மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) முழுதும் எங்களுடையது, வரிகள் எங்களில் ஒருவருடையவை, மெட்டு கூத்து மரபு" என்று தெளிவாக எழுதுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. எல்லா மெட்டும் மரபு ஆகிவிடாது. ஜமாவில் (கூத்துக் குழுவில்) ஒரு வாத்தியார் தானே கட்டிய மெட்டு என்றால் அது அவருடையது. அவரிடம் கேட்டு, எழுதி வாங்கி, பெயரைப் போடுங்கள். நெட்டில் எடுத்த பீட்டோ லூப்போ எங்காவது கலந்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாட்டு ஏறியபின் யூடியூபின் உரிமை சோதிக்கும் காண்டென்ட் ஐடியில் வேறொருவர் பெயரில் கிளெய்ம் விழுந்தால் அந்த லேபிள் மறுபடி உங்கள் மெயிலைத் திறக்காது. வெளியான பாட்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்களில் ஏற்றியவர்) கொடுத்த 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணை, அதாவது அந்தப் பதிவின் அடையாள எண்ணைக் குறிப்பிடுங்கள். வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்திருந்தால் அதையும் ஒரு வரி.

ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு மெயில் போடாதீர்கள். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் உள்ளேயே அதற்குப் படிவம் இருக்கிறது. வெளிவராத பாட்டை மட்டும்தான் அங்கே கொடுக்க முடியும், ஒரு நேரத்தில் ஒன்றுதான், விவரிக்க 500 எழுத்து இடம். குறைந்தது 7 நாள் முன்னால் கொடுத்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் வரும். அவர்களுடைய ஆசிரியர்கள் கேட்டுப் பார்க்க மூன்று நான்கு வாரம் விட்டால் நல்லது. அதனால் கையில் இருக்கும் இரண்டு பாட்டையும் ஒரே நாளில் வெளியிடாதீர்கள். காசு கொடுத்தால் பிளேலிஸ்ட்டில் போடுகிறோம் என்று வரும் மெயில்களைத் திறக்காமல் அழியுங்கள், பொய்க் கணக்குகள் கேட்டதாகத் தெரிந்தால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.

காட்பாடி கேப்போ:

ரொம்ப நன்றி. லிங்க் இன்காக்னிட்டோவில் அனுமதிதான் கேட்குது.

ரெண்டு சந்தேகம். பணத்தை முதல் மெயில்லயே சொன்னா பேரம் போயிடாதா? பதில் இல்லைன்னா எத்தனை தடவை கேட்கலாம்?

ஃபேடர் கீழே:

பணம் சொல்றதுல எனக்கு சத்துவாச்சாரியோட முழு உடன்பாடு இல்லை. சின்ன கஃபேன்னா சொல்லுங்க, அவங்க பட்ஜெட் சின்னது, வெளிப்படையா இருந்தா நேரம் மிச்சம். கம்பெனி நிகழ்ச்சி, பெரிய ஓட்டல், கல்யாணம்னா முதல் மெயில்ல தொகை வேண்டாம், அவங்க மனசுல உங்களைவிட அதிக தொகை இருக்கலாம்.

வசூல் பங்குன்னு சொன்னா ரெண்டு கேள்வி கேட்டே ஆகணும். பங்கு எதுக்கு மேல, மொத்த வசூலுக்கா, டிக்கெட் தளத்தோட கட்டணமும் வரியும் கழிச்ச பிறகா? சவுண்டு என்ஜினியர் கூலி யார் தலையில? இதைக் கேட்காம போனா டீசல் காசு மட்டும்தான் மிஞ்சும். கம்பெனி பணம் கொடுத்தா, தொகை வரம்பைத் தாண்டினா 10 சதவீதம் டிடிஎஸ் வரி பிடிப்பாங்க, பான் கொடுக்கலைன்னா 20. யார் பேர்ல பில்னு முன்னாடியே நாலு பேரும் முடிவு பண்ணிக்கோங்க.

சேனல் கணக்கையும் சொல்லிடறேன். பம்பை ரெண்டு முழவு, அதனால ரெண்டு மைக். கிட்டாருக்கு ஒரு டிஐ (கருவியை நேரா மிக்ஸர்ல சேர்க்கிற பெட்டி), பேஸுக்கு ஒரு டிஐ, பாட்டுக்கு ரெண்டு. மொத்தம் ஆறு. கஃபேன்னா முகவீணைக்கு மைக்கே வேண்டாம், அது தானே சுவரைத் துளைக்கும். சின்ன அறையில பம்பைக்கும் மைக் தேவைப்படாது, அப்போ நாலுலயே முடியும். பல கஃபேயில் 8 சேனல் மிக்ஸர்தான், அதுல ஒண்ணு அறிவிப்பு மைக்குக்குப் போயிடும். "பத்து சேனல், நாலு மானிட்டர்"னு பெரிய குழு மாதிரி ரைடர் (மேடைத் தேவைப் பட்டியல்) அனுப்பினா செலவுக்குப் பயந்தே வேண்டாம்னுடுவாங்க. அறைக்கு ஒண்ணு, பெரிய மேடைக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரைடர் ஒரே பக்கத்துல வெச்சுக்கோங்க, கேட்டா மட்டும் அனுப்புங்க.

மொட்டை மாடி, திறந்த வெளின்னா இன்னொரு விஷயம். இரவு 10 மணிக்கு மேல வெளியில ஒலிபெருக்கி கூடாது. "பத்து மணிக்குள் முடித்துவிடுவோம்"னு நீங்களே எழுதிட்டா அது நம்பிக்கை கொடுக்கும்.

சத்துவாச்சாரி சத்தம்:

இரண்டாவது கேள்விக்கு: 7 முதல் 10 நாள் கழித்து ஒருமுறை, அதே மெயிலுக்கு ரிப்ளையாக. புது மெயிலாகப் போட்டால் பழைய தகவல் கூட வராது, அவர் தேட வேண்டும். "பார்த்தீர்களா?" என்று கேட்காமல் புதிதாக ஒன்றைக் கொடுங்கள்: "4ஆம் சனி வேறு இடத்தில் முடிவாகிவிட்டது, 2ஆம் சனி இன்னும் காலி." அதற்கும் பதில் இல்லை என்றால் அந்த மாதம் விட்டுவிட வேண்டும்.

கூத்தாடி வீதி:

மெயிலை மட்டும் நம்பினால் ஒருமுறைதான். ஆனால் கஃபே நடத்துபவர்கள் இன்ஸ்டாகிராமில்தான் உயிர் வாழ்கிறார்கள். மெயில் போட்ட அன்றே "உங்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறோம், பம்பை - கிட்டார் குழு, வேலூர்" என்று ஒரு வரி அங்கே போடுவது தொல்லை ஆகாது. யாருக்கு எழுதுவது என்றே தெரியவில்லை என்றால், அந்த இடத்தின் பழைய போஸ்டர்களில் உங்களைப் போன்ற குழு எது வாசித்தது என்று பார்த்து அவர்களையே கேளுங்கள். நிகழ்ச்சி பிடிப்பவரின் பெயர் அவர்களுக்குத் தெரியும், "இன்னார் சொன்னார்" என்ற ஒரு வார்த்தை உங்கள் ஒன்பது பக்க பிடிஎஃப்பை விடப் பெரியது.

ஃபேடர் கீழே:

பிடிஎஃப் ஒன்பது பக்கம்னு அவர் சொல்லவே இல்லையே தலைவரே!

காட்பாடி கேப்போ:

பதினாலு பக்கம்ங்க. தூக்கிட்டேன்.

ஒரே மெயிலை பிசிசியில் போடலாமா, இல்ல தனித்தனியா?

சத்துவாச்சாரி சத்தம்:

தனித்தனியாக. பிசிசியில் போனால் மேலே அவர் முகவரியே இருக்காது, பொது மெயில் என்று பார்த்தவுடன் தெரியும், ஸ்பாமில் விழவும் வாய்ப்பு அதிகம். தவறி சிசியில் போட்டால் இன்னும் மோசம், போட்டி அரங்குகள் எல்லாம் ஒன்றையொன்று பார்க்கும். லிங்க்கைச் சுருக்கும் தளங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு ஷீட்டில் இடம், ஆள் பெயர், அனுப்பிய தேதி, கேட்ட தேதி, பதில் என்று ஐந்து கட்டம் போதும். சென்னையில் உங்களைக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதை ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் ஊர் வாரியாகப் பார்க்கலாம். எண் சொல்லும்படி இருந்தால் மெயிலில் ஒரு வரி சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உருட்டாதீர்கள், அவர்களும் பார்ப்பார்கள்.

அந்த ஷீட்டில் "கேட்ட தேதி" கட்டம் எதற்கு என்றால், ஒரே சனியை இரண்டு இடத்தில் கேட்டிருப்பீர்கள். ஒருவர் "ஹோல்டு" என்று சொன்னால் அது உறுதி அல்ல, பிடித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எந்தத் தேதிக்குள் உறுதி செய்வார் என்று அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். மற்ற இடத்தில் அதே தேதி உறுதியாக வந்தால், முதலில் ஹோல்டு வைத்தவருக்கு 24 மணி நேரம் கொடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு இங்கே சரி சொல்லுங்கள்.

காட்பாடி கேப்போ:

சரிங்க. வீடியோ இந்த ஞாயிறு எடுக்கறோம். எடுத்துட்டு லிங்க்கை இங்கயே போடறேன், திறக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க.